சுண்ணாம்பு நனையும்போது

மாதம் இரண்டு முறை
காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை போகிறேன்.
அறுபத்தெட்டு பலகைகள்.
நகைக்கடை, சிமெண்ட், பிரியாணி அரிசி.
கிழியாமல் இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரிகிறதா,
தேதி தெரியும்படி படம் பிடித்துக்
கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.
அதற்குத்தான் பெட்ரோல் காசு.

காலிப் பலகைகளை யாரும் கேட்கவில்லை.
அவற்றை என் கணக்கில் எடுக்கிறேன்.

மாதனூர் தாண்டி ஒன்று.
ஃபிளெக்ஸைத் தின்ற காற்று
இரும்புச் சட்டத்தை விட்டுவைத்திருக்கிறது.
அதற்குள் இப்போது
மலையில் ஒரு துண்டு, மூன்று மின்கம்பி,
பாலாற்று மணலில் தண்ணீர் தேடி
ஏமாந்து திரும்புகிற கொக்கு.
சதுர அடிக்கு இவ்வளவு என்று
கொக்கிடம் யார் வசூலிப்பது?

வழியில் இல்லாத பேர்ணாம்பட்டுக்கும்
ஒருநாள் வண்டியைத் திருப்பினேன்.
தோல் மண்டி ஒன்றின் பெயர்ப்பலகை.
முதலில் கலீலுல்லா.
பிறகு இரண்டு முழத்துக்குப் பச்சை பெயிண்ட்.
பிறகு 'பிரதர்ஸ்'.
பச்சை அடித்தவர் பெயரோடு நிறுத்தாமல்
'அண்டு'வையும் சேர்த்து மூடியிருக்கிறார்.
ஒற்றை ஆள் பன்மையில் வியாபாரம் செய்கிறார்.

படம் எடுப்பதைப் பார்த்து வெளியே வந்தார்.
"அண்ணன் அனுப்பினாரா?"
இல்லை என்றேன்.
காதில் விழாதது மாதிரி
"நல்லா இருக்காரா?" என்றார்.

விண்ணமங்கலத்தில் ஒரு சுவரை
நான்காவது தடவை எடுத்துக்கொண்டிருந்தேன்.
சோப்பு விளம்பரத்துக்கு மேல் டுடோரியல்,
டுடோரியலுக்கு மேல் நாமம் மாதிரி ஒரு அம்புக்குறி,
எல்லாவற்றுக்கும் மேல் காவி.
கேரி பையில் பட்டா நகலோடு
மல்லிகேஸ்வரி ஓடி வந்தார்.
"எத்தனை அடி போகும்? கிணறு போகுமா?"
ரோடு அகலப்படுத்த வந்தவன் இல்லைம்மா,
சும்மா எடுக்கிறேன்.
"சும்மா யாராச்சும் சுவத்தப் புடிப்பானா?"
அழி என்றார்.
அவர் கண்முன்னே
அழித்த சுவரின் படத்தை அழித்தேன்.
நான்கையும்.
குப்பைத்தொட்டியிலிருந்தும் போயிற்றா என்று
போனை வாங்கிப் பார்த்தார்.
இங்கே எழுதி வைத்திருப்பதை அவர் பார்க்கவில்லை.

தேர்தல் தேதி சொன்ன ராத்திரியே
சத்துவாச்சாரிச் சுவர்களுக்கு வெள்ளை விழுந்தது.
அடித்தவர் தணிகாசலம்.
மாசியில் எழுதியவரும் அவரே.
"எழுதக் கட்சி கூலி, அழிக்க ஆபீஸ் கூலி.
ரெண்டு பக்கமும் பாக்கி நிக்குது சார்."
வாளியில் நீலம் கலக்கிக்கொண்டே
சுவரின் ஒரு மூலையைக் காட்டினார்.
"வாக்களிப்பீர்ல அந்த 'ளி' இருக்கே,
சுழி அன்னிக்கு அப்பிடி உழுந்துது.
மத்ததுக்கு ரெண்டு கோட்டிங்.
அதுமேல மட்டும் ஒண்ணுதான்."
நானும் பார்த்தேன்.
வெள்ளை. வெயில் பட்டுக் கண் கூசியது.
எதைக் காட்டுகிறார் என்றே தெரியவில்லை.
தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

ஓட்டு எண்ணி முடிந்து
அக்னி போவதற்கு முன்
நேற்று ஒரு மழை.
அரைமணி நேரம், புழுதி வாசனையோடு.
பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் ஒதுங்க
நான் எதிர்ச்சுவருக்கு ஓடினேன்.

நனைந்த சுண்ணாம்பு
கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று
அவருக்குத் தெரிந்திருக்கிறது.
மற்ற எழுத்தெல்லாம் உள்ளேயே இருக்க
'ளி' மட்டும் வந்தது.
முதலில் கொம்பு,
பிறகு வயிறு,
பிறகு அந்தச் சுழி,
சுவருக்குப் பின்னாலிருந்து யாரோ
மெதுவாக எழுதுவதுபோல் நீலத்தில்.

காய்ந்தால் போய்விடும்.
லென்ஸைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப்
பதினோரு படம் எடுத்தேன்.
ஈர விரல் எங்கேயோ பட்டு
ஒன்று கம்பெனி குரூப்பில் போய் விழுந்திருக்கிறது.

"எந்த கிளையண்ட்? சைட் நம்பர்?"
என்று கேட்டிருக்கிறார்கள்.
இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது.
நான் இன்னும்
தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறேன்.